பொலிஸ் ஸ்டேசனுக்குப் போகப் பயமா?



இந்த முறை பாடம் கொஞ்சம் நீளம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்க. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் வாசிக்கலாம்.

பொலிஸ் என்றதும் நம்ம லயத்தில் என்ன நடக்கும்? ஜீப் சத்தம் கேட்டால் வாசலில் விளையாடுகிற பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவோம். யார் வீட்டுக்கு வந்தாங்க என்று ஜன்னல் இடுக்கால் பார்ப்போம். ஜீப் போன பிறகு பீலிக்கரையில் கூடிப் பேசுவோம். நம்ம வீட்டில் ஒரு களவு, ஒரு அடிதடி நடந்தாலும் "பொலிசுக்குப் போனா நமக்குத்தான் அலைச்சல்" என்று விட்டுவிடுவோம். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அதன் காரணத்தைப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு செயின் கதை.

ஒரு செயின் தொலைந்த கதை

கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. பெயரும் தோட்டமும் வேண்டாம். அவங்க மாமியார் வேலையை விட்டு நின்றபோது வந்த சேமலாப நிதிக் காசில், பேத்தி கல்யாணத்துக்கு ஆகும் என்று ஒன்றரைப் பவுனில் ஒரு செயின் வாங்கி வைத்திருந்தாங்க. ஒருநாள் அக்கா சாயந்திரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்கதவுக் கொண்டி கழன்று கிடக்கிறது. ட்ரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. செயின் இல்லை.

அன்று ராத்திரியே நம்மகிட்ட வந்து அழுதாங்க. நாங்கள் என்ன செய்தோம்? "காலையில ஸ்டேசனுக்குப் போய் ஒரு என்ட்ரி போட்டுட்டு வாங்க" என்று சொல்லி, தனியாக அனுப்பிவிட்டோம். அன்று மாத முடிவு ரிப்போர்ட் வேலை இருந்தது. அதை ஒரு காரணமாக இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்குச் சிங்களம் கடை வீதி அளவுக்குத்தான் தெரியும். மேசையில் இருந்த உத்தியோகத்தர் என்ன விசயம் என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா, "மாத்தயா, செயின் நெத்தி உனா" என்றாங்க. செயின் இல்லாமல் போச்சு என்றுதான் அவங்க நினைத்துச் சொன்னது. ஆனால் சிங்களத்தில் அதைக் கேட்பவருக்கு 'செயின் தொலைந்துவிட்டது' என்றுதான் அர்த்தம். களவு போனது என்றால் 'ஹொரகம்' என்ற சொல் வந்திருக்க வேண்டும். அந்தச் சொல் அக்கா வாயில் வரவில்லை. உத்தியோகத்தர் கேட்டதை எழுதினார். எழுதியதைத் தமிழில் யாரும் வாசித்துக் காட்டவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ட்ரி போட்டாச்சு என்ற நிம்மதியில் பஸ் ஏறிட்டாங்க.

மூன்று வாரம் கழித்து, நகரத்தில் ஒரு அடகுக் கடையில் செயின் இருப்பதாகத் தகவல் வந்தது. அடகு வைத்தது அதே லயத்துப் பையன். அக்கா ஓடிப் போய் ஸ்டேசனில் சொன்னாங்க. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், "இது தொலைந்த பொருள் முறைப்பாடு. நீங்க தொலைச்சதை யாரோ கண்டெடுத்து அடகு வச்சிருக்கலாமே" என்றார். பின்கதவு, கொண்டி, ட்ரங்குப் பெட்டி எதுவும் அந்த என்ட்ரியில் இல்லை.

அப்போதுதான் நாங்கள் கூடப் போனோம். நல்ல காலம், அங்கே தமிழ் தெரிந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் மாற்றலாகி வந்திருந்தாங்க. மேலதிக வாக்குமூலம் ஒன்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதினாங்க. ஆனால் அதற்குள் செயினை மீட்டு வேறு யாருக்கோ விற்றாகிவிட்டது. பையன் மேல் வழக்குப் போனது. செயின் இன்று வரைக்கும் வரவில்லை.

இதில் யார் கெட்டவர்? எழுதிய உத்தியோகத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். அவர் செய்யாமல் விட்டது ஒன்று, அதாவது எழுதியதை அக்காவுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டவில்லை. நாங்கள் செய்யாமல் விட்டதும் ஒன்று. கூடப் போகவில்லை. அக்கா செய்யாமல் விட்டது, "என்ன எழுதினீங்க?" என்று கேட்காதது. கேட்கலாம் என்று அவங்களுக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1979ம் ஆண்டின் 15ம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை என்று ஒன்று இருக்கிறது. முறைப்பாட்டை எப்படி எழுத வேண்டும் என்று அதன் 109ம் பிரிவு சொல்கிறது. நீங்க வாயால் சொல்கிற மொழியிலேயே அதை எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாது என்றால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுத முடியாது என்று நீங்க சொன்னால், அவர் தனக்குத் தெரிந்த தேசிய மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்குகிற மொழியில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டி, அப்படிச் செய்ததாகத் தன் கையாலேயே ஒரு குறிப்பும் எழுத வேண்டும்.

இன்னொரு முறை வாசியுங்க. அப்படி வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது திமிரும் இல்லை, சண்டையும் இல்லை. சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிற வேலையைத்தான் கேட்கிறோம். சாட்சியாக உங்களிடம் வாக்குமூலம் வாங்கும்போதும் இப்படித்தான். 110ம் பிரிவின்படி, எழுதியதை உங்களுக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் திருத்தவும், விட்டுப்போனதைச் சேர்க்கவும் உங்களுக்கு இடம் உண்டு.

அரசியலமைப்பும் நம்ம பக்கம் இருக்கிறது. சிங்களத்தில் நிருவாகம் நடக்கிற பகுதியிலும் ஒரு ஆள் அரச உத்தியோகத்தரோடு தமிழில் பேசி, தமிழில் பதில் வாங்க உரிமை உண்டு என்று 22ம் உறுப்புரை சொல்கிறது. 1999ல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியிலும் அறிவித்தாங்க. ஆனாலும் நம்ம பக்கத்து ஸ்டேசன்களில் தமிழில் எழுதத் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தமிழ் தெரிந்த அந்த ஒருவருக்கு லீவு என்றால் அன்றைக்கு எழுதுவது யார்? சட்டப் புத்தகத்துக்கும் ஸ்டேசன் மேசைக்கும் இடையில் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க நம்ம பக்கத்தில் என்ன செய்யலாம் என்றுதான் இனிப் பார்க்கிறோம்.

போகும்போது என்ன செய்வது?

முடிந்தால் வீட்டிலேயே ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்க. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதினாலும் போதும். அழகான தமிழ் வேண்டாம். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போனீங்க, எத்தனை மணிக்கு வந்தீங்க, எது உடைந்து கிடந்தது, என்ன காணவில்லை, யார் கண்டாங்க என்று இருந்தால் போதும். நகை என்றால் கடைப் பில் இருக்கிறதா என்று தேடுங்க. இல்லாவிட்டால் அந்த நகை போட்டு எடுத்த படம் ஏதாவது, கல்யாண வீட்டுப் படமானாலும், எடுத்துப் போங்க. செயின் கதையில் அக்காவிடம் பில் இருந்தது. எங்கே வைத்தோம் என்று கண்டுபிடிக்கத்தான் நான்கு நாள் போனது.

தனியாகப் போகாதீங்க. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்க. ஆனால் கூட வருகிறவர் உங்களுக்காகக் கதையை மாற்றிச் சொல்லக் கூடாது. சில தலைவர்மார் அங்கே போனதும் தாங்களே பேசத் தொடங்கிடுவாங்க, பாதிக்கப்பட்ட ஆள் ஓரத்தில் வாய் மூடி நிற்பாங்க. அது வேண்டாம். சொல்ல வேண்டியது நீங்க, மொழிபெயர்ப்பது அவர்.

எழுதி முடித்ததும், "ஐயா, இதைத் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்க. கேட்ட பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்க. துண்டைச் சம்பளத் துண்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்க. முறைப்பாடு எழுதக் காசு கிடையாது. யாராவது இடையில் நின்று "நான் பேசி முடிச்சுத் தாரேன், ஐயாவுக்கு ஏதாவது குடுக்கணும்" என்றால், அந்தக் காசு ஐயாவிடம் போகாமல் அந்த ஆளோடேயே நிற்பதும் உண்டு.

பயம் எங்கிருந்து வந்தது?

சும்மா வந்த பயம் இல்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த நேரம் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் அதே மாதிரி இறந்தார். தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து மக்கள் நின்ற இடம் அது. நம்ம தாத்தா பாட்டிமார் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவங்க. 1948ல் வந்த சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போன லட்சக்கணக்கான பேருக்கு ஒரு துண்டு கடதாசி கூடக் கையில் இருக்கவில்லை. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாத பையன் நகரத்துக்குப் போய் ஒரு நாள் பிந்தினால் தாய் வயிற்றில் நெருப்புத்தான். 2003ல் வந்த 35ம் இலக்கச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவங்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அதாவது நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய பலர், பொலிசைக் கண்டால் விலகி நடக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டே வளர்ந்தவங்க. அதை ஒரே நாளில் மறந்துவிடுங்க என்று யாரிடமும் சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்தப் பக்கத்துக் கதையையும் கேட்க வேண்டும்.

செயின் விசயமாகப் போன அன்று ஸ்டேசன் பொறுப்பதிகாரியைச் சந்தித்தோம். என்ட்ரி எழுதிய விதத்தைப் பற்றி நாங்கள் சூடாகத்தான் பேசினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்க லயத்தில் அந்தப் பையன் அன்றைக்குப் பேருக்குப் போகாமல் வீட்டில் நின்றதை எத்தனை பேர் கண்டிருப்பாங்க? ஒருத்தராவது எனக்குச் சொன்னாங்களா?" எங்களுக்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்து விசாரித்தால், ஐந்து வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு அம்மா சொன்னது: "நம்ம கையில வளர்ந்த பையன். நாளைக்கு அவன் ஆத்தா முகத்துல முழிக்கணுமே." அதுவும் நியாயம்தான். ஆனால் முதல் வாரத்திலேயே யாராவது வாயைத் திறந்திருந்தால் செயின் கடையிலேயே இருந்திருக்கும். பையனும் தாய்க்குப் பயந்து திருப்பிக் கொடுத்திருப்பான், வழக்கு வரைக்கும் போயிருக்காது என்றே இப்போது நினைக்கிறோம்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரச் சொன்னோம். துரையிடம் சொல்லி அனுமதியும் வாங்கினோம். ஆபீசில் வைத்தால் யாரும் வர மாட்டாங்க என்று கோயில் மடத்தில் வைத்தோம். வந்தது பன்னிரண்டு பேர். ஆம்பிளைகள் எல்லாம் வெளியே தூணோடு சாய்ந்து நின்றாங்க. அந்தப் பெண் கான்ஸ்டபிள்தான் மொழிபெயர்த்தாங்க. அரை மணி நேரம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டி எழும்பி, "கசிப்புக்காரன்கிட்ட உங்க ஆளுக காசு வாங்குறாங்களாமே, நெசமா?" என்று கேட்டுட்டாங்க. எங்களுக்கு வேர்த்துவிட்டது.

மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று கான்ஸ்டபிள் பிள்ளை ஒரு நிமிசம் யோசித்தாங்க. பிறகு அப்படியே சொன்னாங்க. அதிகாரி கோபப்படவில்லை. "வாங்குறவன் இருந்தால் திகதியும் நேரமும் சொல்லுங்க. என்னிடம் சொல்லப் பயம் என்றால் ஏ.எஸ்.பி.க்கு எழுதுங்க. அந்த விலாசத்தை இப்பவே தாரேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ரெய்டு நடந்தது. கசிப்புக்காரன் அபராதம் கட்டினான். ஒரு மாதத்தில் மறுபடி அடுப்பு மூட்டினான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டாவது ஞாயிறு வந்தபோது மடத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தாங்க.

அந்த நாற்பது பேரும் கேட்ட முக்கியமான விசயம் ஒன்றுதான். தகவல் சொன்னால் சொன்னவர் பெயர் வெளியே வருமா? இது சின்னக் கேள்வி இல்லை. முன்னே ஒருமுறை கசிப்பைப் பற்றிச் சொன்னவர் யார் என்று மறுநாளே லயம் முழுக்கத் தெரிந்து, அவர் மரக்கறித் தோட்டத்தை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிப் போட்டாங்க. பெயர் எங்கிருந்து கசிந்தது என்று இன்று வரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பல வருசம் யாரும் வாய் திறக்கவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்க 2015ல் ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2023ல் 10ம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சாட்சியை மிரட்டுவது அதன்படி தனிக் குற்றம். சட்டம் இருந்தாலும், பெயரைக் காப்பது ஸ்டேசனில் இருக்கிற ஒவ்வொருவர் வாயிலும் இருக்கிறது. இதை அதிகாரியின் முகத்துக்கு நேரேயே சொன்னோம். அவர் ஒத்துக்கொண்டார்.

தோட்டத்துக்குள்ளே பேசித் தீர்க்கக் கூடாதது

கோழி பயிரை மேய்ந்த சண்டை, பீலித் தண்ணீர்ச் சண்டை, சீட்டுக் காசுத் தகராறு. இதையெல்லாம் தலைவரை வைத்துப் பேசித் தீர்க்கலாம். முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ம் ஆண்டுச் சட்டப்படி அமைத்தது. இதற்கெல்லாம் பொலிசுக்கு ஓட வேண்டாம்.

ஆனால் பிள்ளைமேல் கை வைத்தவனை நான்கு பேர் சேர்ந்து தண்டம் கட்டச் சொல்லி விடுவது தீர்வு இல்லை. அது அவனுக்குக் கொடுக்கிற லைசன்ஸ். "குடும்ப மானம் போகும்" என்று மூடி வைத்த விசயங்களில், அடுத்த வருசம் அதே ஆள் வேறு பிள்ளையிடம் போனதை நாங்கள் கண்டிருக்கிறோம். நேரே 1929க்குப் பேசுங்க. சிறுவர்களுக்கான இலக்கம் அது. பெண்களுக்கு 1938. உடனடி ஆபத்து என்றால் 119.

குடித்துவிட்டு அடிக்கிற கணவன் விசயமும் அப்படித்தான். 2005ம் ஆண்டின் 34ம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் ஒரு பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அது பன்னிரண்டு மாதம் வரைக்கும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் கேட்கலாம், அவருக்காகப் பொலிசும் கேட்கலாம். அந்தக் கட்டளை கணவனை மறியலில் போடுவதற்காக இல்லை, அடிக்காமல் தடுப்பதற்காக. அந்த வித்தியாசம் தெரியாததால்தான் பல பேர் "அவரை உள்ளே போட்டா பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுறது" என்று திரும்பிடுறாங்க.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021லிருந்து சட்டவிரோதம். தரகர் வந்து கொழும்பு வீட்டு வேலைக்குப் பிள்ளை கேட்டால், அதுவும் பொலிசுக்குச் சொல்ல வேண்டிய விசயம்தான்.

பொலிசே பிழை செய்தால்?

கைது செய்யும்போது என்ன காரணம் என்று சொல்ல வேண்டும். சாதாரண வழக்கில், பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அடிப்பதும் சித்திரவதை செய்வதும் 1994ம் ஆண்டின் 22ம் இலக்கச் சட்டப்படி குற்றம். அப்படி நடந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்க. "விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழு. தொலைபேசி 1996. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பொலிசாரைப் பற்றிய முறைப்பாடுகளைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் ஏற்கும். வக்கீலுக்குக் காசில்லாதவங்க சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நல்ல அதிகாரிகள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை. மடத்துக் கூட்டத்தில் இந்த இலக்கங்களை அந்த அதிகாரி முன்னேயே வாசித்தோம். "என் ஆட்கள் கேட்கட்டும்" என்று அவரே சொன்னார்.

கூட்டத்துக்குப் பெயர் கொடுக்க

கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் பொலிசும் மக்களும் சேர்ந்து ஒரு குழு வைக்கிற வழக்கம் இருக்கிறது. சிவில் பாதுகாப்புக் குழு என்றும் பிரஜா பொலிஸ் குழு என்றும் பெயர் மாறி மாறி வரும். இதுவரை நம்ம தோட்டத்துக்காக அதில் உட்கார்ந்தது தலைவர்மாரும் ஸ்டாப் ஆட்களும்தான். பெண் ஒருத்தர் கூட இல்லை. லயத்தில் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவங்க யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் இரண்டு பெண்களையும் ஒரு இளைஞரையும் அனுப்பக் கேட்டிருக்கிறோம். சிங்களம் தெரிய வேண்டும் என்று இல்லை. மொழிபெயர்க்க அந்தக் கான்ஸ்டபிள் பிள்ளை வருவதாகச் சொல்லியிருக்காங்க, அவங்க வராவிட்டால் நாங்கள் இருப்போம். செயின் பறிகொடுத்த அக்கா முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்துட்டாங்க. மற்றவங்க சம்பள நாளுக்கு முன் பிள்ளை மடுவத்தில் சொல்லி வைக்கலாம். கூட்டம் மாலை நான்கரைக்குப் பிறகுதான், பேர் வெட்டுப்படாது.